புயலுக்குப் பிறகு கட்டடம் நிற்குமா, இடிக்கணுமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கட்டடங்களைப் பார்த்து ஆய்வு அறிக்கை கொடுப்பது என் வேலை. திருவொற்றியூர், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று ஒவ்வொரு டிசம்பர் மழைக்குப் பிறகும் ஃபோனில் வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். 2023 மிக்ஜாமுக்குப் பிறகு அது ரொம்ப அதிகமாகிவிட்டதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடாமல் நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். யாரை, எப்போது, எதற்காகக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

மழை விட்டுவிட்டது, தண்ணீரும் வடிந்துவிட்டது. இன்னும் என்ன பயம்?

பயப்பட வேண்டிய நேரமே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் நிற்கும்போது சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம் இருக்கும். வடியும்போது அது மாறும், ஓடுகிற தண்ணீர் அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கிற மணலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். நம் பக்கம் கடலோரம் முழுக்க மணல், உள்ளே வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் போனால் களிமண், தூர்த்த ஏரி, கொட்டிய மண். களிமண் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் விரிசல் மழை நாளில் வராமல் நல்ல வெயில் அடிக்கிற நாளில் வந்து நிற்கும்.

திருவொற்றியூர் அரிவாக்குளம் நினைவிருக்கும். 2021 டிசம்பர் 27 அன்று குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. அந்த நவம்பர் மழை ஓய்ந்து வாரக்கணக்கில் ஆன பிறகு நடந்தது அது. ஒருவர்கூடச் சாகவில்லை. காரணம், விரிசல் பெரிதாவதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் முன்னாடியே வெளியே வந்துவிட்டார்கள். எந்தக் கருவியும் வைத்து அளக்கவில்லை, கண்ணால் பார்த்தார்கள், எழுந்து வந்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் போகலாமா கூடாதா என்று வாசலில் நின்றே எப்படி முடிவு செய்வது?

முதலில் உள்ளே போகாதீர்கள். தெருவில் நின்று கட்டடத்தைச் சுற்றி வாருங்கள், நாலு பக்கமும் போக முடியாவிட்டால் எதிர்வீட்டு மாடியில் ஏறிப் பாருங்கள். கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மேலே குறைந்து கீழே அப்படியே இருக்கிறதா? பேஸ்மட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் புதிதாகக் குழி விழுந்திருக்கிறதா? சன்ஷேடு, பால்கனி, கைப்பிடிச் சுவர் ஏதாவது தொங்குகிறதா? மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் கால்கள் நேராக இருக்கின்றனவா?

அப்புறம் கதவு. நேற்று வரை லேசாகத் திறந்த கதவு இன்று பிடிக்கிறது என்றால் மரம் ஊறி உப்பியிருக்கலாம், அது சகஜம். ஆனால் இரும்புக் கதவும் பிடிக்கிறது, ஜன்னல் கண்ணாடி தானாக உடைந்திருக்கிறது, நிலைக்கு மேல் மூலையில் சாய்வாக விரிசல் ஓடியிருக்கிறது என்றால் சட்டம் கோணலாகியிருக்கிறது, அதாவது கட்டடம் இறங்கியிருக்கிறது. உள்ளே கால் வைக்காதீர்கள்.

ராத்திரியில் படபடவென்று சத்தம், காரை துளித்துளியாகக் கொட்டுவது, டைல்ஸ் தானாக எழும்பி வெடிப்பது, இதெல்லாம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். ரேஷன் கார்டு, பத்திரம், நகை எதற்கும் திரும்பிப் போகாமல் வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரர்களையும் எழுப்புங்கள்.

சரி, கட்டடம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வந்து போயிருக்கிறது. அப்போதும் ஈரக்கையோடு மெயினைத் தொடாதீர்கள். மீட்டர் பெட்டி நனைந்திருந்தால் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, ஆள் வந்து பார்த்த பிறகு மெயினைப் போடுங்கள்.

எந்த விரிசல் ஆபத்து, எது சும்மா பூச்சு வெடிப்பு?

ஆயிரம் முறை கேட்கப்பட்ட கேள்வி. சுவரில் வலைபோலப் பரவியிருக்கும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதால் வந்தவை. சுவருக்கும் பீமுக்கும் நடுவில் நேர்கோடாக ஓடுவது இரண்டு வேறு பொருள்கள் சேருமிடம், அதுவும் பெரிய விஷயமில்லை. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்து, வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தால் விட்டுவிடலாம்.

செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி சாய்வாக இறங்குகிற விரிசல் வேறு ரகம், அது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்கிறது. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் இன்ஜினியர் பார்த்தே ஆகவேண்டும். 15, 20 மில்லிமீட்டர், அதாவது விரல் நுழைகிற அளவு என்றால் அந்தச் சுவரை நம்பி மேலே யாரும் படுக்கக்கூடாது. பில்லரில் வருகிற விரிசலுக்கு இந்த அளவெல்லாம் பொருந்தாது. பில்லரில் மேலிருந்து கீழாகக் கோடு, அல்லது சாய்வாக வெட்டியதுபோலக் கோடு, அல்லது கம்பி வெளியே வளைந்து நிற்பது, எதுவாக இருந்தாலும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், காலி செய்யுங்கள். சுவர் போனால் ஒரு அறைதான் போகும், பில்லர் போனால் அதன் மேலே இருக்கிற அத்தனையும் கூடவே வரும்.

விரிசலின் அகலத்தைவிட முக்கியமானது அது நகர்கிறதா என்பது. இதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள், பூச்சின் மேல் ஒட்டாமல் பூச்சைத் தட்டிவிட்டுச் செங்கல் மேலேயே ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தாலோ, கோடு தாண்டி விரிசல் வளர்ந்தாலோ கட்டடம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் பிடித்துத் தினமும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பின்னால் இன்ஜினியருக்கும், வாடகைச் சண்டைக்கும், இன்ஷூரன்ஸுக்கும் எல்லாவற்றுக்கும் உதவும். தயவுசெய்து விரிசலை அவசரமாக சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள். நான் பார்க்க வருவதற்கு முந்தின நாள் பூசிவைத்த சுவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீடு சுனாமியிலும் நின்றது, வர்தாவிலும் நின்றது. இப்போது என்ன ஆகிவிடும்?

சுனாமி 2004இல், வர்தா 2016இல். அந்த வீடு அன்றைக்கு அத்தனை வருஷம் இளமையாக இருந்தது. வடசென்னையில் புயல் பெரும்பாலும் கடைசித் தள்ளல்தான், அதற்கு முன்னாடியே வேலையைத் தொடங்கி முக்கால்வாசி முடித்து வைத்திருப்பது உப்பும் துருவும்.

தளத்தில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. பூசிவிட்டால் போதுமா?

போதாது. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்த வீடுகளில் பாதிப் பிரச்சினை இதுதான்.

கான்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாக இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. கடல் காற்றில் வருகிற உப்பு மெதுவாக உள்ளே இறங்கி அந்தப் பாதுகாப்பை உடைக்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், உள்ளேயிருந்து தள்ளும், கான்கிரீட் பிளக்கும். அதனால்தான் விரிசல் கம்பி ஓடுகிற வழியிலேயே நேர்கோடாக வரும், ஓரத்தில் பழுப்பாகத் துருக்கறை கசியும். கடலோரக் கட்டடத்துக்கு ஐஎஸ் 456 என்கிற இந்திய கான்கிரீட் தரநிலை கேட்பது கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல், கான்கிரீட்டின் வலு குறைந்தது எம்30 தரம். நம் ஊரில் நடந்தது என்ன? கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியைச் சொருகி கான்கிரீட் போட்டார்கள், மூடல் 15 மில்லிமீட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். கலவைக்கு போர்வெல் தண்ணீர், அதுவும் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960கள் முதலே தெரிந்த கதை. கலக்கும்போதே உப்பைச் சேர்த்துவிட்டால் அப்புறம் கடல் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. தட்டுகிற இடத்துக்கு நேர் கீழே நிற்காமல் ஓரமாக நின்று, நீளமான கட்டையாலோ சுத்தியல் பிடியாலோ தளத்தின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே பிரிந்து நிற்கிற இடம் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். முடிக்கும்போது அறையில் ஒரே ஒரு வட்டம், கழிவறைக்குக் கீழே, என்றால் கசிவை நிறுத்திவிட்டு அந்த இடத்தைச் சரிசெய்யலாம். தளமே வட்டமயமாக இருந்தால் அடியில் கட்டில் போடாதீர்கள், பிள்ளைகளை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

சரிசெய்வது என்றால் பொள்ளலாக இருப்பதை முழுக்க உடைத்து, கம்பிக்குப் பின்னாடி வரை தோண்டி, துருவைத் தேய்த்து எடுத்து, கம்பியின் தடிமன் எவ்வளவு மிச்சம் என்று அளந்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி இணைத்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். அடியில் ஜாக்கி முட்டு கொடுத்துவிட்டுத்தான் இதெல்லாம். மேஸ்திரி வந்து 'சார், ஒரு மூட்டை சிமெண்ட் போதும்' என்று சொன்னால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். துருவின் மேல் பூசிய சிமெண்ட் அடுத்த மழைக்கோ அதற்கு அடுத்த மழைக்கோ, இன்னும் கனமான துண்டாக, யார் தலையிலாவது விழும்.

எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. அது வலுவானது என்கிறார்களே?

வலுவானதுதான், காய்ந்திருக்கும் வரை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடிப் பக்கம் இன்னும் நிறைய இருக்கின்றன. தேக்கு உத்திரம், அதன் மேல் சுண்ணாம்புக் கலவையில் நிற்க வைத்த மெல்லிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு. இந்தக் கூரை கம்பியை நம்பவில்லை என்பதால் துருப் பிரச்சினை இல்லை. ஆனால் உத்திரத்தின் இரண்டு முனைகளும் சுவருக்குள் புதைந்திருக்கின்றன, சுவர் ஈரமானால் கண்ணுக்குத் தெரியாத அந்த முனைதான் முதலில் மக்கும், கரையான் வருவதும் அங்கேதான். நடுவில் உத்திரம் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சுவரை ஒட்டி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அந்த உத்திரத்துக்கு உடனே முட்டு வேண்டும்.

இன்னொரு விஷயம், ஒழுகுகிறது என்று வருஷாவருஷம் மேலே இன்னொரு அடுக்கு கான்கிரீட் போட்டுக்கொண்டே போவார்கள். பாரம் ஏறுகிறது, உத்திரம் அதே பழைய உத்திரம். சிமெண்ட் பூச்சு போட்டுச் சுண்ணாம்புச் சுவரை மூடினாலும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். இந்த மாதிரி வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள், கிடைப்பது கஷ்டம்தான்.

மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதனால் என்ன?

கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 100 கிலோ. ஆயிரம் சதுர அடி மாடியில் 9 டன்னுக்கு மேல். ஆள் ஏறக்கூடிய மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் வழக்கமாகக் கணக்கிடுவார்கள். மழைக்கு முன்னாடி வடிகுழாய் வாயில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

கீழே தரைக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கும், அதாவது சம்ப்புக்கும், ஒரு வார்த்தை. சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது சம்ப்பை முழுக்க இறைத்துக் காலியாக்காதீர்கள். காலித் தொட்டியை அடியிலிருந்து தண்ணீர் மேலே தூக்கும், தளம் பிளந்துவிடும். செப்டிக் டேங்குக்கும் இதேதான், அதில் யாரும் இறங்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாரைக் கூப்பிடுவது? மாநகராட்சியா, தனியார் இன்ஜினியரா?

இரண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112 அல்லது தீயணைப்புக்கு 101. கட்டடம் ஆபத்தாக இருக்கிறது என்று பதிவு செய்ய மாநகராட்சியின் 1913. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் மண்டலத்தையும் சரியாகச் சொல்லுங்கள்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் எல்லாம் தனித்தனி மண்டல அலுவலகங்கள். பல சமயம் புகார் நாள்கணக்கில் சுற்றுவது தப்பான மண்டலத்துக்குப் போனதால்தான்.

மாநகராட்சி உதவிப் பொறியாளர் வந்து கண்ணால் பார்த்துவிட்டு, ஆபத்து என்றால் நோட்டீஸ் கொடுப்பார். உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். சிவில் படித்த எல்லோரும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லை. மாநகராட்சியிலோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சிஎம்டிஏ) பதிவு செய்தவரா என்று கேளுங்கள், பழைய கட்டட ஆய்வு அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால் அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்து தருவார்கள்.

கலிபோர்னியா, ஜப்பான் போன்ற இடங்களில் பேரிடர் முடிந்ததும் பயிற்சி பெற்றவர்கள் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை ஒட்டுவார்கள். பச்சை என்றால் இருக்கலாம், மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு போய் சாமான் எடுக்கலாம், சிவப்பு என்றால் நுழையக்கூடாது. நம் தெருக்களுக்கும் இது வேண்டும் என்பது என் கட்சி. அது வரும்வரை குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் தெருவுக்காவது இந்த மூன்று நிறக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம், அடுத்த நாள் வருகிற அதிகாரிக்கு எங்கே முதலில் போவது என்றாவது தெரியும்.

அறிக்கையில் என்ன சோதனைகள் இருக்க வேண்டும்?

ரீபவுண்ட் ஹேமர் என்கிற சோதனைச் சுத்தியலை மட்டும் அடித்துவிட்டு 'பலமாக உள்ளது' என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள். அது மேல்தோலைத்தான் பார்க்கும். மீயொலி சோதனையில் கான்கிரீட்டுக்குள் ஒலி போகிற வேகம் வரும், வினாடிக்கு 3.5 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் உள்ளே சந்தேகம். பினாப்தலீன் என்ற திரவத்தைப் புதிதாக உடைத்த இடத்தில் தெளித்தால் ரோஸ் நிறமாக மாறினால் காரத்தன்மை மிச்சமிருக்கிறது, நிறம் மாறாவிட்டால் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. கடலோரத்தில் குளோரைடு சோதனை, அதாவது உள்ளே எவ்வளவு உப்பு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது, கண்டிப்பாகக் கேளுங்கள். பெரிய சந்தேகம் என்றால் கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக ஒரு துண்டு (கோர்) எடுத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். எந்தப் பில்லர், எந்த பீம் என்று வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். கடைசியில் 'இருக்கலாம்', 'முட்டு கொடுத்துவிட்டு இருக்கலாம்', 'காலி செய்', இந்த மூன்றில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது.

வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். நாங்களே இன்ஜினியர் வைக்க முடியுமா?

வைக்கலாம், ஆனால் அது வாரியத்தின் கட்டடம் என்றால் பார்க்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது, பழைய குடிசை மாற்று வாரியம்தான். பிளாக் முழுக்க எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு, போட்டோவோடு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தனித்தனியாகப் போய் 'எங்கள் வீட்டில் ஒழுகுது' என்றால் பராமரிப்புப் புகாராகப் போய்விடும். 'பில்லரில் விரிசல்' என்று எழுதுங்கள், அந்த வார்த்தை வேறு மேஜைக்குப் போகும்.

மாற்று இடம் எங்கே, திரும்பி வரும்போது அதே இடத்தில் வீடு உண்டா, அதற்கு எழுத்தில் என்ன தருகிறீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் வரும்வரை விழப்போகிற கட்டடத்தில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை.

வாடகைக்கு இருக்கிறோம். 'முப்பது வருஷமா இருக்கிற வெடிப்புதான்மா அது' என்கிறார் ஹவுஸ் ஓனர்.

இருக்கட்டும், கண்ணாடி ஒட்டச் சொன்னேனே, அதை ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவோடு அவருக்கு எழுதுங்கள், வாயால் சொன்னது நிற்காது. 'அண்ணே, சண்டைக்குச் சொல்லலை, ஒரு இன்ஜினியர் வந்து பார்க்கட்டும்' என்று ஆரம்பித்தாலே பல ஓனர்கள் இறங்கி வருவார்கள், அவர்களுக்கும் உள்ளூரப் பயம்தான். வரவில்லை என்றால் 1913.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாடகைக்காரரைக் கிளப்ப 'கட்டடம் ஆபத்து' என்று சொல்கிற ஓனர்களும் இருக்கிறார்கள். அப்போது அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அட்வான்ஸைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இடித்துத்தான் ஆகவேண்டுமா?

நோட்டீஸை நிதானமாகப் படியுங்கள். சரிசெய் என்கிறதா, காலி செய் என்கிறதா, இடி என்கிறதா? மூன்றும் வேறு வேறு. காலி செய்யச் சொன்னால் உடனே செய்யுங்கள், வாதாடுவதை வெளியே இருந்து வாதாடலாம். இடி என்றால் உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் அறிக்கையோடு மண்டல அலுவலகத்தில் பதில் கொடுக்க இடமுண்டு.

பழுது பார்க்கிற செலவு புதிதாகக் கட்டுகிற செலவில் பாதியைத் தொட்டால் நான் இடிக்கத்தான் சொல்வேன், அதுவும் கடலோரத்தில். உப்பு ஏறிய கான்கிரீட்டை ஒரு இடத்தில் சரிசெய்தால் பக்கத்தில் கிளம்பும். மாறாக, அஸ்திவாரம் ஒரு மூலையில் மட்டும் இறங்கிய தனி வீடு, மெட்ராஸ் டெரஸ் வீட்டில் நாலு உத்திரம் போனது, இதெல்லாம் இடிக்க வேண்டிய விஷயமே இல்லை. பீதியில் இடித்துவிட்டுக் கட்டப் பணமில்லாமல் சீட்டுக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுக்குமாடியில் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பெல்லாம் எல்லாம் நின்றுபோகும். 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம்.

இடிப்பதற்கு ஜேசிபி வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாமா?

வண்ணாரப்பேட்டைச் சந்தில் ஜேசிபி நுழையவே நுழையாது, நுழைந்தாலும் வேண்டாம். மாநகராட்சி அனுமதி, மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் துண்டிப்பு, தெருப்பக்கம் தடுப்பு, பச்சை வலை, இவை முடிந்த பிறகு மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மாடியாக இறங்க வேண்டும். கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை. கீழ்ப் பில்லரை உடைத்து மேலே இருப்பதை உட்கார வைக்கிற வித்தையை யாராவது சொன்னால் அந்த ஆளை மாற்றுங்கள்.

இடிப்பில் ஆட்கள் சாகிற இடங்கள் சில தெரிந்தவைதான். முதலாவது சன்ஷேடு. சன்ஷேடு நிற்பது லின்டலுக்கு, அதாவது ஜன்னல், கதவுக்கு மேலே ஓடுகிற பீமுக்கு, மேலே இருக்கிற சுவரின் பாரத்தால். அந்தச் சுவரை முதலில் உடைத்தால் சன்ஷேடு அப்படியே கவிழ்ந்து கீழே நிற்பவர் மேல் விழும். அடியில் முட்டு வைத்து சன்ஷேடை முதலில் எடுக்க வேண்டும். இரண்டாவது, உடைத்த இடிபாட்டை மாடித் தளத்திலேயே குவிப்பது. ஒரு அடி உயரம் குவிந்தாலே சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும், வீட்டுத் தளம் கணக்கிடப்படுவது 200 கிலோவுக்கு. ஏற்கெனவே கெட்டுப்போன தளம் என்பதால்தானே இடிக்கிறோம். அன்றன்றைக்கு இறக்கிவிட வேண்டும்.

மூன்றாவது பொதுச்சுவர். வரிசை வீடுகளில் உங்கள் சுவரில்தான் பக்கத்து வீட்டு உத்திரம் உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கம் இடித்தால் அந்தச் சுவர் தனியாக, முட்டில்லாமல், மழையில் நனைந்துகொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, யார் முட்டு கொடுப்பது, யார் பூசுவது என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வழக்கு உங்கள் பேரன் காலம் வரை ஓடும்.

கான்ட்ராக்டர் 'பழைய தேக்கு, கதவு, கம்பி எனக்கு, இடிப்பது இலவசம்' என்பார். பர்மாத் தேக்கு உத்திரத்தின் விலையைத் தனியாக விசாரித்துவிட்டுப் பிறகு தலையாட்டுங்கள்.

மௌலிவாக்கத்தில் வெடி வைத்து இடித்தார்களே, அது மாதிரி?

அது வேறு கதை. 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதே வளாகத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தைத்தான் 2016 நவம்பரில் வெடி வைத்து இறக்கினார்கள். சுற்றிலும் ஆட்களை வெளியேற்ற இடமிருந்தது. ராயபுரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்கு இந்த யோசனை வேண்டாம்.

சுவர் முழுக்க எண்ணெய் படிந்திருக்கிறது. கட்டடத்துக்குக் கேடா?

2023 டிசம்பரில் மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் வரை வீடுகளில் கோடு போட்டுவிட்டுப் போனது. அதனால் கட்டடத்தின் பலம் உடனே போய்விடாது. ஆனால் அதன் மேல் பூச்சும் பெயிண்டும் பிடிக்காது, வாடையும் போகாது. கோடு வரை பூச்சை உடைத்தெடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு புதிதாகப் பூசுவதே நிரந்தர வழி. காய மாதக்கணக்கில் ஆகலாம். பண்டிகைக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஈரச்சுவரில் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும்.

நிவாரணம், இன்ஷூரன்ஸ் வாங்குவதற்கு முன் சுத்தம் செய்யலாமா?

முதலில் போட்டோ, அப்புறம் துடைப்பம். தண்ணீர் நின்ற கோடு தெரிய, வீட்டு எண் தெரிய, விரிசல் தெரிய எடுங்கள். மிக்ஜாமின்போது குடிசை சேதத்துக்கான நிவாரணத்தை 5,000இலிருந்து 8,000 ரூபாயாக அரசு உயர்த்தியது, ஆனால் அதற்குக் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், கணக்கெடுக்க வருகிறவருக்குக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் சர்வேயர் வருவதற்கு முன் இடிக்காதீர்கள். ஆபத்து என்று உடனே இடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் நோட்டீஸின் நகலை அவர்களுக்கு அனுப்பிவிட்டு இடியுங்கள்.

இடித்த குப்பையை எங்கே போடுவது?

ஓட்டேரி நல்லா என்கிற ஓடையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் ராத்திரியில் கொட்டக்கூடாது, அடுத்த வருஷம் அது உங்கள் வீட்டுக்கே தண்ணீராகத் திரும்பும், அபராதமும் உண்டு. கட்டட இடிபாட்டை அரைத்து மறுபயன்பாடு செய்ய மாநகராட்சிக்குக் கொடுங்கையூரில் ஆலை இருக்கிறது. மண்டல அலுவலகத்தில் கேட்டால் கொடுக்கும் இடமும் கட்டணமும் சொல்வார்கள். கம்பி, செங்கல், மரம் என்று பிரித்துக் கொடுத்தால் பாதி காசாகிவிடும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை மட்டும் தனியாக வையுங்கள். அதை உடைக்காமல், ரம்பத்தால் அறுக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கி, தார்பாயில் சுற்றிக் கட்டி, மேலே எழுதி வைத்து, மாநகராட்சியிடம் சொல்லி ஒப்படையுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. இறக்குகிறவர் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 ஆவது வாங்கிக் கொடுங்கள்.